கட்டாய வாகனக் காப்பீடு: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் நீதிமன்றத்துக்கு அருகே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 22 ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்களிடம் வரும் வழக்குகளில் பாதிக்கு மேல் சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான். வண்டிக்குக் காப்பீடு செய்வதை அரசு ஏன் கட்டாயமாக்குகிறது, ஏழையை ஏன் வாட்டுகிறது, கம்பெனிக்காரன் கொழுக்கவா என்று மேசைக்கு எதிரே அமர்ந்து கேட்காத ஆள் இல்லை. அந்தக் கேள்விகளையும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயமா? இது எப்போது வந்த சட்டம்?

கட்டாயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பொது இடத்தில் ஓடும் கார், பைக், மொபெட், டிராக்டர், லாரி எதுவானாலும் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டக் கூடாது, ஓட்டவும் விடக் கூடாது. ‘தேர்டு பார்ட்டி’ என்று நாம் சொல்வது இதைத்தான்: உங்கள் வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கான காப்பீடு.

இது நேற்று வந்த சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இது இருந்தது. காப்பீட்டு அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதாவது சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்பிருந்தே நம் சாலைகளில் இது கட்டாயம். 2018இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார் வாங்கினால் மூன்று ஆண்டுகளுக்கும், புதிய இருசக்கர வாகனம் வாங்கினால் ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பொதுநல வழக்கைத் தொடுத்தவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர், கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். உடைந்த கை கால்களைத் தினமும் பார்த்த ஒருவர்தான் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

என் வண்டி, என் காசு. காப்பீடு செய்வதும் செய்யாததும் என் இஷ்டம்தானே? அரசு எப்படிக் கட்டாயப்படுத்தலாம்?

இந்த விவாதத்தின் முழு முடிச்சும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் வண்டியைக் காப்பீடு செய்யும்படி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் கார் பள்ளத்தில் விழுந்து நொறுங்கினாலும், திருடு போனாலும், மழை வெள்ளத்தில் மூழ்கினாலும் அது உங்கள் நஷ்டம். அதற்குக் காப்பீடு எடுப்பது உங்கள் விருப்பம். சட்டம் கேட்பது வேறு. உங்கள் வண்டி இன்னொருவர் மேல் ஏறினால் அவர் குடும்பத்துக்கு யார் பணம் கொடுப்பது? அந்த ஒரு கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே பதில் வைத்துக்கொண்டு சாலைக்கு வா என்கிறது.

அந்தத் தொகை எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 35 வயதில் ஒரு கொத்தனார். மாதம் 12,000 ரூபாய் வருமானம் என்று, விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். அவர் விபத்தில் இறந்தால் வருங்கால உயர்வுக்காக வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டுவார்கள்: 16,800. இருந்திருந்தால் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டிருப்பார் என்று நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள்: 12,600. ஆண்டுக்கு 1,51,200. அந்த வயதுக்கான பெருக்கு எண் 16. மொத்தம் 24,19,200 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை ஆகியவை தனி. இந்தக் கணக்கு முறையை உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் இரண்டு தீர்ப்புகளில் வகுத்துக் கொடுத்தது; எல்லாத் தீர்ப்பாயங்களும் இதைத்தான் பின்பற்றுகின்றன.

24 லட்சம். நம் ஊரில் எத்தனை பேர் அதை எடுத்து வைக்க முடியும்? ‘என் இஷ்டம்’ என்று சொல்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்தக் கொத்தனாரின் மனைவியின் இஷ்டத்தை யார் கேட்டார்கள்? மனைவியும் பிள்ளைகளும் உங்களோடு எந்த ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளவில்லையே. அந்தக் கொத்தனார் செய்ததெல்லாம் சாலை ஓரத்தில் நடந்தது மட்டும்தான்.

20 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஒரு கீறல் கிடையாது. யாரோ ஓட்டத் தெரியாதவனுக்காக நான் ஏன் கட்ட வேண்டும்?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டு மூன்றாம் நபர் காப்பீட்டின் பெரிய குறையே இதுதான் என்று நானும் நினைக்கிறேன். கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த விகிதப்படி 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எஞ்சின் அளவைப் பார்க்கிறார்களே தவிர, ஓட்டுபவரைப் பார்ப்பதில்லை. நான்கு விபத்து செய்தவரும் ஒன்றும் செய்யாதவரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். கிளெய்ம் செய்யாதவர்களுக்குத் தரும் தள்ளுபடி சொந்தச் சேதக் காப்பீட்டில் மட்டும் உண்டு. அங்கே 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை குறையும். மூன்றாம் நபர் காப்பீட்டில் அது கிடையாது. இது மாற வேண்டும்.

ஆனால் ‘கீறல் இல்லை’ என்பதை வைத்து நாளைக்கும் இருக்காது என்று சொல்ல முடியாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கிய மாலையில் எதிரே வருவது தெரியாது. நீங்கள் ஒழுங்காக வந்தாலும் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம், டயர் வெடிக்கலாம், குரங்கு குறுக்கே பாயலாம். எங்கள் அலுவலகத்துக்கு எதிர் மனுதாரராக வந்தவர்களில் பெரும்பாலோர் குடிகாரர்களோ பொறுப்பில்லாதவர்களோ கிடையாது. உங்களைப் போல ‘ஒரு கீறல் இல்லை’ என்று சொன்னவர்கள்தான்.

காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில் ஆட்கள் கண்மூடித்தனமாக ஓட்ட மாட்டார்களா?

இந்த வாதத்தைப் படித்தவர்களும் சொல்கிறார்கள். காப்பீடு பணத்தைத்தான் ஏற்றுக்கொள்ளும். குற்ற வழக்கு ஓட்டியவர் மேல்தான் நடக்கும். வாய்தா வாய்தாவாக அவர்தான் கூண்டில் நிற்பார், உரிமமும் போகலாம். தன் உயிரும் அதே வண்டியில்தான் இருக்கிறது. பாலிசியை நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு பழைய மொபெட்டை வைத்துக் கறிவேப்பிலையும் கீரையும் விற்பவரிடம் போய் இன்சூரன்ஸ் எங்கே என்று கேட்பது அநியாயம் இல்லையா?

கேட்கும் விதத்தில் அநியாயம் நடப்பது உண்டு. ஆனால் தொகையைப் பார்ப்போம். 75 சி.சி.க்கு உட்பட்ட மொபெட்டுக்கு ஆண்டுக்கு 538 ரூபாய். 75 முதல் 150 சி.சி. வரை உள்ள பைக்குக்கு 714 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 714 என்பது 842 ரூபாய் 52 காசு ஆகிறது. நாள் ஒன்றுக்கு இரண்டே கால் ரூபாய்க்குச் சற்று மேல். தேநீர் விலைகூட இல்லை. கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டு அதன் மேல் 18 சதவீத வரியும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை; இருசக்கர வாகனங்களுக்காவது அதை எடுத்துவிடலாம்.

ஏழைகள் கட்டாமல் இருப்பதற்குப் பணம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. புது வண்டி வாங்கும்போது ஐந்து ஆண்டுக் காப்பீட்டை ஷோரூம்காரர்களே போட்டுவிடுகிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து அது முடிவது யாருக்கும் நினைவில் இல்லை. அதற்குள் வண்டி இரண்டு கை மாறியிருக்கும். நினைவூட்டும் குறுஞ்செய்தி முதல் உரிமையாளரின் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். காப்பீட்டுத் தகவல் மையத்தின் கணக்குப்படி நாட்டில் ஓடும் வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காப்பீடு இல்லை; அதில் மிகப் பெரும்பான்மை இருசக்கர வாகனங்கள். 1946லிருந்து கட்டாயமாக இருக்கும் ஒரு விஷயத்தில் இந்த நிலை.

இன்னொன்றையும் யோசியுங்கள். மொபெட்டில் போகும் கீரைக்காரர் ஏழை. அவர் மொபெட் இடித்துவிடுகிற நடைபாதைப் பாட்டியும் ஏழைதான். கட்டாயம் வேண்டாம் என்று முதலாமவருக்காக வாதாடுபவர்கள் இரண்டாமவரை மறந்துவிடுகிறார்கள்.

காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் என்ன ஆகும்?

முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மறுமுறை 4,000 ரூபாய். 2019 திருத்தத்துக்கு முன்பு 1,000 ரூபாயாக இருந்தது.

அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலர் போய்விடுகிறார்கள். அபராத ரசீது காப்பீடு ஆகாது. அன்று மாலையே விபத்து நடந்தால் அந்த ரசீதால் ஒரு பைசா பயன் கிடையாது.

காப்பீடு இல்லாத வண்டி மோதினால் பாதிக்கப்பட்டவருக்கு யார் பணம் தருவார்கள்?

வண்டியின் உரிமையாளரும் ஓட்டியவரும்தான் தர வேண்டும். சொல்வதற்கு எளிது.

ஏற்காட்டுக்கு மேலே, நாகலூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வருவார். கணவர் காப்பித் தோட்டத்தில் கூலி. 52 வயது. வேலை முடிந்து சாலை ஓரமாக நடந்து வந்தவரை ஒரு பைக் அடித்துவிட்டது. பைக்கை ஓட்டிய பையன் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்ற வைப்பவன். நண்பர்களோடு மலைக்குச் சுற்றிப் பார்க்க வந்தவன். காப்பீடு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மூன்றரை ஆண்டு நடந்த வழக்கில் ஒன்பது லட்சத்துச் சொச்சம் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு நகலை அந்த அம்மா ஒரு மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். பையைத் திறந்து, உள்ளே பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள் நான்காக மடித்த தாளை விரித்து மேசையில் வைத்து, மடிப்பைக் கையால் தேய்த்து நேராக்குவார். ‘இன்னிக்கி ஏதாச்சும் வந்திருக்கா சாமி?’ என்று கேட்பார்.

வந்ததெல்லாம் பைக்கை ஏலம் விட்ட 17,000 ரூபாய்தான். பையனுக்கு வாடகை வீடு, வயதான பெற்றோர், பட்டறைக் கூலி. சட்டத்தில் வழி இருக்கிறது: 174ஆவது பிரிவின்படி தீர்ப்பாயம் சான்றிதழ் கொடுத்தால் மாவட்ட ஆட்சியர் அதை நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம். நிலமே இல்லாதவரிடம் எதை வசூலிப்பது? அந்தப் பையனையும் நான் பார்த்திருக்கிறேன். தலை நிமிராமல் நின்று மாதம் ஆயிரம் தருகிறேன் என்றான். ஒன்பது லட்சத்தை ஆயிரம் ஆயிரமாகக் கழித்தால் 75 ஆண்டுகள். வட்டியை விட்டுவிட்டேன்.

அன்று அவன் 842 ரூபாய் கட்டியிருந்தால், பற்றாக்குறை எதுவும் இல்லாமல் முழுத் தொகையும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருக்கும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பு கிடையாது. கட்டாயக் காப்பீடு வேண்டுமா என்று யார் என்னிடம் விவாதத்துக்கு வந்தாலும் எனக்கு அந்தத் தேய்ந்த மடிப்புதான் கண்ணில் வருகிறது.

விபத்தில் சிக்கிய காப்பீடு இல்லாத வண்டியைப் போலீஸ் நிலையத்திலிருந்து எடுக்க முடியுமா?

இழப்பீட்டுக்குப் பிணையம் கொடுக்காமல் வண்டியை விடக் கூடாது, பிணையம் இல்லையென்றால் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. நான் மேலே சொன்ன 17,000 அப்படி வந்ததுதான்.

வண்டியை விற்றுவிட்டேன். ஆர்.சி. இன்னும் என் பெயரில் இருக்கிறது. எனக்கு ஏதாவது வருமா?

வரும், நிச்சயமாக வரும். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான்கு கை மாறியிருந்தாலும் கதை அதுதான். சேலத்தில் பழைய பைக் வியாபாரம் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நடக்கிறது. ‘டி.என். 30’ வண்டியை விற்ற ஆசிரியர் ஒருவருக்கு, ஆறு ஆண்டு கழித்துச் சங்ககிரி பக்கம் நடந்த விபத்துக்கு நோட்டீஸ் வந்தது. வண்டியை வாங்கியவர் யார் என்றே அவருக்கு நினைவில்லை.

விற்ற அன்றே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பெயர் மாற்றுங்கள். வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத வேண்டும்.

தேர்டு பார்ட்டி போட்டிருக்கிறேன். என் காரில் உட்கார்ந்திருக்கும் என் குடும்பத்துக்கும் அது பொருந்தும் அல்லவா?

பொருந்தாது. இதைக் கேட்டுத் திகைக்காதவர்கள் குறைவு. வெறும் மூன்றாம் நபர் பாலிசியில், சொந்தக் காரில் கூலியில்லாமல் வருபவர்களுக்கும், பைக்கின் பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. நீங்கள் ஓட்டிச் சென்று மரத்தில் மோதினால், பக்கத்தில் இருந்த மனைவிக்காக அந்தப் பாலிசியில் எதுவும் கிடைக்காது. உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று தனியாக உண்டு; அது உரிமையாளருக்கு மட்டும்.

‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று நாம் அழைக்கும் முழுமையான பாலிசியில் காரில் வருபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அதனால்தான் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் ‘பம்பர் டு பம்பர்’ எனும் முழுக் காப்பீட்டைக் கட்டாயமாக்கி ஓர் உத்தரவு போட்டது. ஈரோடு தீர்ப்பாயத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கு அது. வாகன விற்பனையும் பதிவும் தடுமாறின. நடைமுறைக்கு ஒத்துவராது என்று எடுத்துச் சொல்லப்பட்டதும் செப்டம்பரிலேயே நீதிமன்றம் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

திரும்பப் பெற்றது சரி என்பதே என் எண்ணம். வண்டியின் தகரத்தைக் காப்பாற்றும்படி ஒருவரை வற்புறுத்தக் கூடாது. ஆனால் அந்த உத்தரவுக்குக் காரணமான கவலை உண்மையானது: உடன் வரும் மனிதர்களை மட்டும் கட்டாயக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தால் போதும். அதை நாடாளுமன்றம் செய்ய வேண்டும்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சரக்கு வண்டியில் உறவினர்களை ஏற்றிக்கொண்டு போகலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். மே மாதம் திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் கூலியாட்களுக்கும் ‘சின்ன யானை’ எனும் சிறு சரக்கு வண்டியின் பின்பக்கம்தான் வாகனம். பத்துப் பேர், பதினைந்து பேர், கைப்பிடி ஒன்றும் கிடையாது, வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்வார்கள். சரக்கு வாகனத்தில் கூலியில்லாமல் ஏறிய பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று 2003லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் உரிமையாளர் தன் சரக்கோடு வந்தால் அவருக்கு உண்டு. மற்றவர்களுக்கு வண்டிக்காரர்தான் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

மலையில் பஸ் குறைவு, தோட்டத்துக்கு வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பஸ் விட வேண்டியது அரசின் கடமை. ஆனால் இப்போதைக்கு, ஒரே கவிழ்ப்பில் ஒரு கிராமத்துக் குடும்பங்கள் பத்தும் எந்தக் காப்பீடும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்கும் என்பதுதான் நிலைமை.

சொந்த போர்டு காரை வார இறுதியில் ஏற்காட்டுக்கு வாடகைக்கு விடுகிறேன். பாலிசி இருக்கிறது. பயம் இல்லையே?

பயப்பட வேண்டும். தனிப்பட்ட உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு விடக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கும். விபத்து நடந்தால் நிறுவனம் முதலில் எடுக்கும் ஆயுதம் அதுதான். வாடகைக்கு ஓட்டுவதென்றால் டி போர்டு, அதாவது வாடகை வண்டிப் பதிவு வாங்கி, அதற்குரிய பாலிசி எடுங்கள்.

மலைப்பாதையில் தடுப்புச் சுவரை இடித்துவிட்டால்?

நெடுஞ்சாலைத் துறை சேதத்துக்குப் பணம் கேட்கும். மூன்றாம் நபர் என்பதில் அரசும் அடங்கும். கார் பாலிசியில் பொருள் சேதத்துக்குப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பு உண்டு. கட்டணத்தில் சிறு தள்ளுபடிக்காக அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் முகவர்களும் இருக்கிறார்கள். குறைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. அதை மதித்தாலே பாதிச் சுவர்கள் தப்பும்.

ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடுமா?

பெரும்பாலும் ‘முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்’ என்று நீதிமன்றம் சொல்லும். 2004லிருந்து இந்த வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் வந்துவிடும். உரிமையாளர் தலையில் கடன் ஏறும். 18 வயது ஆகாத மகனிடம் சாவி கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் தனி.

சரக்கு ஆட்டோ ஓட்டுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. ‘பேட்ஜ் இல்லை’, அதாவது போக்குவரத்து வாகனம் ஓட்டத் தனி அனுமதி இல்லை என்று சொல்லி நிறுவனங்கள் தட்டிக்கழித்த வாதத்துக்கு அதோடு முற்றுப்புள்ளி.

அரசுப் பஸ்ஸுக்கு மட்டும் காப்பீடு வேண்டாமா?

அரசு வாகனங்களுக்கும், தனி நிதி வைத்திருக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சட்டம் விலக்கு அளிக்கலாம். அதன் விளைவை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்: இழப்பீடு தராததால் நீதிமன்ற ஊழியர் அரசுப் பஸ்ஸை ஜப்தி செய்தார், பயணிகள் வேறு பஸ்ஸில் ஏறினார்கள் என்று. குடிமகனுக்குக் கட்டாயம், அரசுக்கு விலக்கு என்பது எனக்கு ஒப்பவில்லை.

பெட்ரோல் விலையோடு சேர்த்து வாங்கிவிட்டால் யாரும் தப்ப முடியாதே? வேறு நாடுகளில் எப்படி?

நல்ல யோசனை. தென்னாப்பிரிக்காவில் அப்படித்தான், எரிபொருளில் ஒரு பகுதி சாலை விபத்து நிதிக்குப் போகிறது. ஆனால் அந்த நிதி பல ஆண்டுகளாகக் கடனில் தத்தளிக்கிறது. நியூசிலாந்தில் 1974 முதல், யார் குற்றம் என்று பார்க்காமலே விபத்தில் காயம்பட்ட எவருக்கும் அரசு அமைப்பு பணம் தருகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927இல் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1930 சட்டத்தில். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இன்றும் கட்டாயம் இல்லை. ஆனால் விபத்து நடந்தால் ஓட்டுநர் தன் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாதவர் மோதினால் என்ன என்ற கேள்வி அங்கேயும் நாகலூர் அம்மாவின் கேள்விதான்.

நம் நாட்டில் பழைய இருசக்கர வாகனங்களுக்காவது எரிபொருள் வழியை யோசிக்கலாம் என்று நினைக்கிறேன். மின்சார ஸ்கூட்டர்கள் தப்பிவிடும் என்ற சிக்கல் இருக்கிறது. அதுவரை, காப்பீட்டு நிறுவனங்கள் தீர்ப்பாயத்தில் ஒவ்வொரு வழக்கையும் கடைசி வாய்தா வரை இழுக்காமல் இருந்தாலே இந்தக் கட்டாயத்தின் மேல் மக்களுக்குப் பாதி நம்பிக்கை வரும். பாலிசி தெளிவாக இருந்தும் ஒரு நிறுவனம் ஐந்து ஆண்டு இழுத்தடித்த வழக்குக் கட்டு எங்கள் அலமாரியில் இருக்கிறது. மக்கள் எரிச்சலடைவதில் வியப்பில்லை.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டால்?

2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு தருகிறது. கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாததால் விண்ணப்பங்களே வருவதில்லை. மருத்துவச் செலவுக்கு, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025இல் மத்திய அரசு ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தையும் அறிவித்தது.

வண்டி எது என்று தெரிந்தால் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காரியம் முடியட்டும், வருஷத் திதி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

என் பாலிசி நேற்றோடு முடிந்துவிட்டது. இன்று மாலை குடும்பத்தோடு ஏற்காடு போக வேண்டும். என்ன செய்வது?

கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். ஆனால் பணம் கட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். சான்றிதழைத் திறந்து, காப்பீடு எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள். சில பாலிசிகள் அன்றைய நள்ளிரவுக்குப் பிறகுதான் தொடங்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1991 டிசம்பர் 10 அன்று நடந்த ஒரு விபத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விபத்து பிற்பகல் 2.20க்கு. அதே நாளில் காப்பீடு எடுக்கப்பட்டது 2.55க்கு. நிறுவனம் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது; 35 நிமிட வித்தியாசத்தில் முழுச் சுமையும் உரிமையாளர் மேல் விழுந்தது. உங்கள் சான்றிதழில் நாளைய தேதி இருந்தால் இன்று காரை வீட்டில் விட்டுவிட்டு, புதிய பஸ் நிலையத்திலிருந்து ஏற்காடு பஸ் ஏறுங்கள்.